அடுக்களையும் எருக்குழியும்: திருவண்ணாமலைப் பகுதிக் குடும்பங்களுக்குச் சில யோசனைகள்

வரவு செலவுக் கணக்கு எழுதும் குடியானவர்கள் விதை, எரு, கூலி, இறைப்பு ஆகியவற்றுக்கான செலவைத் தவறாமல் எழுதுகிறார்கள். அடுக்களையின் செலவை அக்கணக்கில் சேர்ப்பவர்கள் மிகச் சிலரே. ஆயினும் நிலத்திலிருந்தும் மலையிலிருந்தும் கிணற்றிலிருந்தும் வரும் பொருள்களுள் பெரும்பகுதி நாள்தோறும் அடுக்களை வாயில் வழியாகவே உட்செல்கிறது. விறகு, சாணம், தண்ணீர், தானியம், காய்கறி ஆகிய ஐந்தும் உட்செல்கின்றன. புகை, சாம்பல், கழுநீர், தோலும் காம்பும், மிஞ்சிய சோறு ஆகிய ஐந்தும் வெளிவருகின்றன. வெளிவரும் இவ்வைந்தினுள் புகை ஒன்று நீங்கலாக மற்றவை யாவும் நிலத்துக்கோ கால்நடைக்கோ உணவாகத் தக்கவை. அவை தெருவிலும் சாக்கடையிலும் சேருமானால் ஊருக்குக் கேடு. எருக்குழியில் சேருமானால் வயலுக்கு வளம்.

சுற்றுச்சூழலுக்கு ஊறு செய்யாத அடுக்களை என்று இக்காலத்தில் பலரும் பேசுகிறார்கள். புதிய பாத்திரங்களையும் விலையுயர்ந்த கருவிகளையும் வாங்குவதே அதற்கு வழியென்று எண்ணுதல் கூடாது. நிலத்துக்குச் சேர வேண்டியதை நிலத்துக்கே திருப்புவதும், மலையிலிருந்து எடுக்க வேண்டாததை எடுக்காமல் விடுவதுமே அதன் சாரமாகும். திருவண்ணாமலை நகரத்தாரும் அதைச் சூழ்ந்த கிராமத்தாரும் தத்தம் வசதிக்கு ஏற்ப இதை எவ்வாறு செய்யலாம் என்பதைக் கீழே விளக்குவோம்.

மலையும் விறகும்

சுமார் 814 மீட்டர் உயரமுள்ள அண்ணாமலையைச் சுற்றி 14 கிலோமீட்டர் நீளமுள்ள கிரிவலப் பாதை செல்கிறது. சென்ற நூற்றாண்டில் விறகுக்காக மரங்கள் வெட்டப்பட்டதாலும், ஆடுமாடுகள் மிகுதியாக மேய்ந்ததாலும், கோடையில் புல்லில் தீப் பரவியதாலும் இம்மலையின் சரிவுகள் பாறையும் புல்லுமாய் மொட்டையாகி நின்றன. 1988ஆம் ஆண்டில் அண்ணாமலை மறுகாடாக்கச் சங்கம் தோன்றி, நாற்றுப் பண்ணை வைத்து மரக்கன்றுகளை நடத் தொடங்கியது. பின்னர் 'ஃபாரஸ்ட் வே' என்னும் அறக்கட்டளையும் வனத்துறையாரின் இசைவுடன் இப்பணியை மேற்கொண்டு, ஆண்டுதோறும் கன்றுகளை நடுவதோடு, கோடை முதிர்வதற்குள் புல்லைச் செதுக்கித் தீத்தடுப்புக் கோடுகளையும் அமைத்து வருகிறது. இம்முயற்சிகளால் பல சரிவுகள் இன்று மீண்டும் பசுமை பெற்றிருக்கின்றன.

இதற்கும் அடுக்களைக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். நட்ட கன்று மரமாகப் பல ஆண்டுகள் செல்லும். அதை அரிவாளால் சாய்க்கச் சில விநாடிகள் போதும். ஒரு வீட்டுக்கு ஒரு சுமை விறகு சிறிதாகத் தோன்றினும், மலையடியிலுள்ள வீடுகள் அனைத்தும் அவ்வாறே கொணர்ந்தால் எந்தக் காடும் நிலைக்காது.

2024ஆம் ஆண்டு டிசம்பர் முதல் தேதியன்று, ஃபெஞ்சல் புயலால் பெருமழை பெய்தபோது, வ.உ.சி. நகர்ப் பகுதியில் மலைச்சரிவு இடிந்து வீடுகளின் மேல் விழுந்ததில் குழந்தைகள் உட்பட ஏழு பேர் மாண்டனர். வழக்கத்துக்கு மீறிய மழையே அவ்விபத்தை விளைத்தது. மரங்கள் நின்றால் எந்தச் சரிவும் சரியாது என்று கூறுவது உண்மையாகாது. ஆயினும் வேர்கள் மேல்மண்ணைப் பிணைக்கின்றன, இலைச்சருகு மழையின் வேகத்தைத் தணிக்கின்றது, ஓடும் நீரில் ஒரு பகுதி மண்ணுள் இறங்கி அடிவாரக் கிணறுகளுக்கு ஊற்றாகின்றது என்பவை ஐயமற்ற உண்மைகள். ஆதலால் மலை விறகை அடுப்பில் இடாமல் இருப்பதே சீர்திருத்தத்தின் முதற்படியாகும்.

அதற்கு ஈடாக எதை எரிப்பது? இப்பகுதியில் ஏரிக்கரைகளிலும் தரிசுகளிலும் தானே பரவிப் பயிர்நிலத்துக்குப் பகையாய் நிற்கும் வேலிக்காத்தான் நல்ல விறகாகும். காய்ந்தபின் நின்று எரியும். அதை எரிப்பதால் தீமை இல்லை. வேரோடு தோண்டி எடுத்தால் நிலமும் திருந்தும். நிலக்கடலை மிகுதியாக விளையும் மாவட்டமாதலால் கடலைத் தோலும் கிடைக்கும். தென்னை மட்டை, பன்னாடை, சவுக்கு மிலாறு ஆகியவையும் உதவும். சொந்த நிலமுள்ளவர்கள் வரப்போரத்திலும் வேலியிலும் கிளைரிசிடியா, சூபாபுல் முதலியவற்றை நட்டு, ஆண்டுதோறும் கழித்துவிட்டால் தழை ஆட்டுக்கும் வயலுக்கும், கொம்பு அடுப்புக்கும் ஆகும். புங்கந்தழையை மட்டும் எரித்தல் கூடாது. அது நெல்வயலுக்கு ஏற்ற பசுந்தாள் எருவாகும்.

விறகு எதுவாயினும் பச்சையாய் எரித்தல் நஷ்டம். ஈரத்தை ஆவியாக்குவதிலேயே வெப்பத்தின் ஒரு பகுதி செலவாகிவிடும். மீதியுள்ளதும் புகையாய்ப் போகும். பிளந்து, நிழற்கூரையின் கீழ் இரண்டு மூன்று மாதம் உலர்த்தி எரித்தால் அதே சமையலுக்குக் குறைந்த விறகே செலவாகும்.

வரட்டியின் உண்மையான விலை

விறகுக்குத் தட்டுப்பாடு நேரும்போது சாணத்தை வரட்டி தட்டி எரிக்கும் வழக்கம் நெடுநாளாய் இருந்து வருகிறது. வரட்டிக்கு விலை கொடுப்பதில்லையாதலால் அது செலவில்லாத எரிபொருள் என்று பலர் கருதுகின்றனர். கணக்கிட்டுப் பார்த்தால் அதுவே வீட்டில் மிகவும் விலையுயர்ந்த எரிபொருள் என்பது விளங்கும்.

ஒரு பசு நாளொன்றுக்குச் சுமார் 10 கிலோ சாணம் இடும். பச்சைச் சாணத்தில் தழைச்சத்து குறைந்த அளவாக நூற்றுக்கு 0.3 பங்கு உண்டு. ஆகவே ஒரு நாளைக்கு 30 கிராம். ஓர் ஆண்டுக்குச் சுமார் 11 கிலோ. யூரியாவில் தழைச்சத்து நூற்றுக்கு 46 பங்கு இருப்பதால், இந்த 11 கிலோவும் ஏறக்குறைய 24 கிலோ யூரியாவுக்குச் சமம். 45 கிலோ கொண்ட மூட்டையில் இது பாதிக்கு மேலாகிறது. இரண்டு பசுக்களின் சாணத்தை எரிப்பவர் ஆண்டுதோறும் ஒரு மூட்டைக்கு மேற்பட்ட யூரியாவின் சத்தை அடுப்பிலிட்டுக் கொளுத்துகிறார் என்பதே இதன் பொருள். சாணத்திலுள்ள சத்து முழுவதும் அவ்வாண்டே பயிருக்குக் கிட்டாது என்பது மெய்; ஆயினும் மண்ணைப் பொலபொலப்பாக்கி ஈரத்தைத் தாங்கச் செய்யும் மக்கு யூரியா மூட்டையில் கிடையாது. மானாவாரியாய்க் கடலை விதைக்கும் செம்மண் நிலங்களுக்கு அம்மக்கே உயிர். எரித்தபின் மிஞ்சும் சாம்பலில் சாம்பற்சத்தும் சிறிது மணிச்சத்தும் இருக்குமேயன்றித் தழைச்சத்தும் மக்கும் இரா.

அடுப்பைத் திருத்துதல்

மூன்று கல் அடுப்பில் விறகின் வெப்பத்தில் நூற்றுக்குச் சுமார் 10 முதல் 15 பங்கே பாத்திரத்தைச் சேர்கிறது. மற்றது காற்றோடு போகிறது. அதன் புகை சமைப்பவருடைய கண்ணையும் மார்பையும் கெடுக்கிறது. அடுப்புப் புகை முதலிய வீட்டுக் காற்றுக் கேட்டினால் 2020ஆம் ஆண்டில் உலகமெங்கும் சுமார் 32 லட்சம் பேர் மாண்டனர் என்று உலகச் சுகாதார ஸ்தாபனத்தார் மதிப்பிட்டுள்ளனர். ஆகவே அடுப்பைத் திருத்துவது மலைக்கு மட்டுமன்றி இல்லத்தரசிக்கும் செய்யும் நன்மையாகும்.

இம்முயற்சி நம் நாட்டுக்குப் புதிதன்று. தஞ்சையில் பிறந்த ஜே. சி. குமரப்பா அவர்கள் நடத்திய அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கத்தார் வார்தாவிலுள்ள மகன்வாடியில் 1940களிலேயே புகைபோக்கியுடன் கூடிய அடுப்பை உருவாக்கினர். 1980களில் மத்திய சர்க்கார் தேசிய அளவில் திருத்திய அடுப்புத் திட்டத்தைத் தொடங்கி, 2002 வரை 3 கோடிக்கு மேற்பட்ட அடுப்புகளைக் குடும்பங்களுக்கு அளித்தது. ஆனால் அவற்றுள் மிகப் பல சில ஆண்டுகளுக்குள் கைவிடப்பட்டன. பின்னர் ஒடிசாவில் சுமார் 2,600 குடும்பங்களிடையே நான்கு ஆண்டுகள் நடந்த ஆராய்ச்சியில், புதிய அடுப்பு முதலாண்டில் புகையைக் குறைத்ததென்றும், வெடிப்பைப் பூசாமலும் புகைபோக்கியைத் துடைக்காமலும் விட்டதால் அந்நன்மை பிற்பாடு மறைந்ததென்றும் தெரிய வந்தது.

இதிலிருந்து நாம் கற்கத்தக்க பாடம் ஒன்று. அடுப்பைக் கட்டுவதிலும் அதைப் பேணுவதே முக்கியம். மண் அடுப்பு வைத்திருப்பவர்கள் வெடிப்புகளை வாரந்தோறும் களிமண்ணும் சாணமும் குழைத்துப் பூச வேண்டும். புகைபோக்கியைப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை கரி தட்டித் துடைக்க வேண்டும். பாத்திரம் அடுப்பு வாயில் இடைவெளியின்றிப் பொருந்த வேண்டும். இவற்றைச் செய்ய மனமில்லாதவர்கள் புகையில்லா அடுப்பைக் கட்டிப் பயனில்லை.

2016இல் தொடங்கிய உஜ்வலா திட்டத்தினாலும் அதற்கு முந்திய திட்டங்களினாலும் இன்று பெரும்பாலான வீடுகளில் சமையல் வாயு உருளை உள்ளது. அது மண்ணெண்ணெயைப் போல நிலத்தடியினின்று எடுக்கும் பொருளே. நம் நாட்டுக்கு வேண்டியதில் பாதிக்கு மேல் அயல்நாடுகளிலிருந்து வருகிறது. ஆயினும் புகையற்றது, மலை விறகுக்கு மாற்றானது. ஆகவே அதைத் தள்ள வேண்டியதில்லை. சிக்கனமாய்ச் செலவிடுதலே தக்கது.

சமையற் சிக்கனத்துக்குச் செலவில்லாத வழிகள் பல உள. பருப்பையும் பயறுகளையும் முதல் நாள் இரவே ஊறவைத்தால் வேகும் நேரம் வெகுவாய்க் குறையும். பாத்திரத்தை மூடியிட்டே சமைக்க வேண்டும். கொதி வந்தபின் தீயைத் தணிக்க வேண்டும். கொதிக்கும் நீரின் சூடு தீயைப் பெருக்குவதால் ஏறாது, ஆவியே மிகும். கல்கத்தாவில் இந்துமாதவ மல்லிக் என்னும் வைத்தியர் 1910இல் ஒரே தணலில் சோறு, பருப்பு, காய் மூன்றையும் அடுக்கி ஆவியில் வேகவைக்கும் 'இக்மிக் குக்கர்' என்னும் அடுக்குப் பாத்திரத்தை அமைத்தார். இன்று அழுத்தக் குக்கரில் அடுக்குத் தட்டுகளை வைத்துச் சமைப்பதும் அதே சிக்கனமாம்.

வைக்கோற் பெட்டி என்பது மற்றொரு நல்ல வழி. ஒரு கூடையிலோ மரப்பெட்டியிலோ வைக்கோலை நாற்புறமும் ஒரு சாண் கனத்துக்கு நெருக்கமாய் அடைத்து, நடுவே பாத்திரம் அமரும் குழி விட வேண்டும். அரிசியோ ஊறிய பருப்போ பத்து நிமிஷம் நன்றாய்க் கொதித்ததும் மூடியோடு இறக்கி அக்குழியில் வைத்து, மேலே வைக்கோல் திணித்த மெத்தையால் மூடிவிட்டால், உள்ளிருக்கும் சூட்டிலேயே ஒன்றரை மணி நேரத்தில் வெந்துவிடும். கழனி வேலைக்குச் செல்பவர்களுக்கு இது மிகவும் அனுகூலமானது. உண்பதற்கு முன் ஒருமுறை சூடேற்றிக் கொள்வது நலம்.

சாண எரிவாயு

சாணம் எருவாகவும் வேண்டும், எரிபொருளாகவும் வேண்டும் என்போர்க்கு இரண்டையும் அளிப்பது சாண எரிவாயுக் கலம். 1897இல் பம்பாய் மாதுங்காவிலிருந்த தொழுநோயாளர் விடுதியில் கழிவிலிருந்து எரிவாயு எடுத்துப் பயன்படுத்தினர். 1939இல் டில்லி விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் எஸ். வி. தேசாய் அவர்கள் சாணத்தை வைத்துச் சோதனைகள் நடத்தினார். பின்னர் 1960களில் கதர்க் கமிஷனார் மிதக்கும் மூடியுள்ள கலத்தைப் பரப்பினர். 1984இல் நிலத்தடியில் கும்மட்டமாய்க் கட்டும் 'தீனபந்து' மாதிரி வந்தது.

காற்றுப் புகாத கலத்தில் சாணத்தையும் அதே அளவு நீரையும் கரைத்து விட்டால், நுண்ணுயிர்கள் அதைச் சிதைத்து மீதேன் வாயுவை உண்டாக்குகின்றன. 25 கிலோ சாணத்திலிருந்து சுமார் 1 கன மீட்டர் வாயு கிடைக்கும். அது ஏறக்குறைய 3½ கிலோ விறகுக்கு ஈடு. நான்கைந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு 2 கன மீட்டர்க் கலம் போதும். அதற்கு நாள்தோறும் 50 கிலோ சாணம், அதாவது நான்கைந்து மாடுகள் வேண்டும். நன்கு நடக்கும் அத்தகைய கலம் 14.2 கிலோ உருளை ஒன்றின் வேலையைப் பதினாறு பதினேழு நாளில் செய்துவிடும். வெளிவரும் கரைசலில் தழைச்சத்து பெரும்பாலும் குறையாமல் இருப்பதால் வயலுக்கு அது மிகச் சிறந்த எருவாகும்.

ஆனால் எல்லாருக்கும் இது ஏற்றதென்று கூறமாட்டோம். இரண்டு மாடு மட்டும் உள்ளவர்கள் கட்டினால் வாயு போதாது. கோடையில் குடிநீருக்கே தட்டுப்பாடுள்ள இடத்தில் நாள்தோறும் 50 லிட்டர் நீர் கிடைப்பது கடினம். கழுநீரைச் சேர்த்து வைத்துச் சோப்பு கலவாமல் ஊற்றலாம். மாடுகளை விற்கும் எண்ணமுள்ளவர்கள் கட்டவே வேண்டாம். மேலும் மீதேன் எரியாமல் கசிந்து வெளியேறுமானால், அது கரியமில வாயுவைக் காட்டிலும் நூறாண்டுக் கணக்கில் 25 மடங்குக்கு மேல் பூமியின் வெப்பத்தைப் பெருக்கும். ஆதலால் குழாயின் இணைப்புகளில் சோப்பு நுரை தடவிக் கசிவு உண்டா என்று மாதந்தோறும் சோதித்தல் அவசியம்.

எருக்குழி

மாடு இல்லாதவர்க்கும் கைகூடுவது எருக்குழி. 1924 முதல் 1931 வரை இந்தூரில் ஆல்பர்ட் ஹோவர்ட் அவர்கள், யஷ்வந்த் வாட் அவர்களுடன் சேர்ந்து, இந்திய, சீனக் குடியானவர்களின் பழக்கங்களை ஆராய்ந்து, குப்பையை மூன்று மாதத்தில் மக்கச் செய்யும் முறையை வகுத்தார். இந்தூர் முறை என்று உலகெங்கும் வழங்கும் அம்முறையை அடுக்களைக் கழிவுக்கு ஏற்பச் சுருக்கிக் கீழே தருகிறோம்.

வீட்டின் பின்புறத்தில், கிணற்றுக்குத் தொலைவாக, நிழலான மேட்டிடத்தில் 3 அடி நீளம், 3 அடி அகலம், 3 அடி ஆழமுள்ள இரண்டு குழிகளைத் தோண்டுக. அடியில் காற்றுப் புகுவதற்காகச் சுள்ளிகளையும் நறுக்கிய தென்னை மட்டையையும் அரை அடி பரப்புக. காய்கறித் தோல், காம்பு, டீத்தூள், முட்டையோடு ஆகியவற்றை நாள்தோறும் இட்டு, ஒரு பங்கு கழிவுக்கு இரண்டு பங்கு காய்ந்த சருகு போட்டு மூடுக. ஒவ்வோர் அடுக்கின்மேலும் ஒரு கைப்பிடி மண்ணும் சிறிது சாணக் கரைசலும் தெளிக்க. பச்சைக் கழிவில் தழைச்சத்து மிகுதி. சருகில் கரிச்சத்து மிகுதி. தழைச்சத்து ஒரு பங்குக்குக் கரிச்சத்து 30 பங்கு என்ற அளவில் இரண்டும் கலந்தாலே நுண்ணுயிர்கள் செவ்வனே வேலை செய்யும். துர்நாற்றம் வீசினால் சருகு போதவில்லை என்றும், பல நாளாகியும் சூடேறாவிடில் ஈரமோ பச்சைக் கழிவோ போதவில்லை என்றும் அறிக. கையில் எடுத்துப் பிழிந்தால் ஈரம் தெரிய வேண்டும். நீர் சொட்டுதல் கூடாது.

முதற்குழி நிரம்பியதும் இரண்டாவதில் இடத் தொடங்கி, முதற்குழியைப் பதினைந்தாம் நாளிலும் ஒரு மாதத்திலும் இரண்டு மாதத்திலும் கிளறிவிடுக. மூன்று மாதத்தில் கறுத்து, மண்வாசனையுடன் உதிரும் எரு கிடைக்கும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்கு மழை குழியில் தேங்குமாதலால் அக்காலத்தில் தரைமேல் குவியலாக இட்டு ஓலையால் மூடுவதே சரி. எண்ணெய்ப் பண்டங்களையும் மாமிசக் கழிவையும் சிறு குழியில் இட்டால் நாயும் எலியும் கிளறும். அவற்றை ஆழமாய்ப் புதைக்கலாம்.

தோட்டமில்லாத நகர வீடுகளில் பக்கங்களில் துளையிட்ட இரண்டு மண்பானைகளைக் குழிக்குப் பதிலாக மாற்றி மாற்றிப் பயன்படுத்தலாம். அதுவும் இயலாதவர்கள் மக்கும் குப்பையையும் மக்காத குப்பையையும் கலவாமல் பிரித்தாவது ஒப்படைக்க வேண்டும். 2024இல் மாநகராட்சியாக உயர்ந்துள்ள இவ்வூருக்குப் பௌர்ணமிதோறும் லட்சக்கணக்கான யாத்திரிகர்கள் வருகிறார்கள். அவர்களால் சேரும் குப்பையே மிகுதி. வீட்டுக் குப்பையும் கலந்து சேருமானால் எந்த ஊராட்சியாலும் சமாளிக்க இயலாது. பிளாஸ்டிக் பையில் கட்டி எறிந்த காய்த்தோலைத் தின்னும் மாடு பையையும் சேர்த்து விழுங்குகிறது. ஒருமுறை உபயோகித்து எறியும் பிளாஸ்டிக் பொருள்களைத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதல் தேதியிலிருந்து சர்க்கார் தடை செய்துள்ளனர் என்பதையும் நினைவூட்டுகிறோம். விருந்துக்கு வாழையிலையோ தையல் இலையோ இருக்க, வேறு தட்டுகளைத் தேட வேண்டியதில்லை. உண்டபின் அவ்விலைகளும் எருக்குழிக்கே உரியவை.

கழுநீரும் சாம்பலும்

அரிசி களைந்த நீரையும் காய் கழுவிய நீரையும் கழுநீர்த் தொட்டியில் சேர்த்து மாட்டுக்கு வைப்பது நம் முன்னோர் கண்ட சிக்கனம். மாடில்லாத வீடுகளில் அதைச் செடிகளுக்கு ஊற்றலாம். பாத்திரம் துலக்கிய நீரைத் தனியே பிரித்து, கூழாங்கல்லும் மணலும் நிரப்பிய சிறு குழியின் வழியாக வாழை, சேம்பு, கல்வாழை நட்ட பாத்திக்கு விட வேண்டும். நீர் தேங்குதல் கூடாது. தேங்கினால் கொசு பெருகும். நாளொன்றுக்கு ஐந்து குடம் நீரென்று கொண்டால், இரண்டு மூன்று வாழைகளை ஆண்டு முழுவதும் காப்பாற்றலாம். கிழங்கையும் கீரையையும் பச்சையாய் உண்பதாயின் அப்பாத்தியில் பயிரிடற்க.

விறகுச் சாம்பல் பாத்திரம் துலக்க நன்று. மிஞ்சியதைச் சலித்துத் தென்னைக்கும் வாழைக்கும் இடலாம். அதில் சாம்பற்சத்து மிகுதி. ஆனால் பச்சைச் சாணத்தோடும் யூரியாவோடும் கலந்தால் தழைச்சத்து அம்மோனியாவாய்ப் பறந்துவிடும்; உவர் நிலத்தில் இட்டால் உவர் மிகும். இவ்விரண்டையும் விலக்குக. பிளாஸ்டிக்கும் வண்ணமடித்த பலகையும் எரித்த சாம்பல் எதற்கும் உதவாது.

உண்பதிலும் மிஞ்சுவதிலும் சிக்கனம்

ஒரு பிடி சோறு வீணாகும்போது அதை விளைத்த நீரும் எருவும் உழைப்பும், அதை வேகவைத்த விறகும் சேர்ந்தே வீணாகின்றன. ரமண மகரிஷி (1879–1950) அவர்கள் ஆசிரமச் சமையற்கூடத்தில் விடியுமுன் அமர்ந்து காய் நறுக்குவதையும், சிறு பொருளும் வீணாவதைப் பொறாது, முதல் நாள் மிஞ்சியதை மறுநாள் உணவில் சேர்க்கச் செய்வதையும் உடனிருந்தோர் பலர் எழுதி வைத்துள்ளனர். இவ்வூரில் அன்னதானம் செய்யும் இடங்கள் மிகப் பல. அளவறிந்து சமைப்பதும், மிஞ்சியதைக் கெடுமுன் பசித்தோர்க்கு அளிப்பதும், எச்சிலையையும் கழிவையும் எரிவாயுக் கலத்துக்கோ எருக்குழிக்கோ அனுப்புவதும் அங்கெல்லாம் நடைபெறத் தக்கவை. வீடுகளில் மிஞ்சிய சோற்றில் நீரூற்றிக் காலையில் பழைய சோறாக உண்பது பழமையானதும் அறிவுக்கு உகந்ததுமான பழக்கமே.

இம்மாவட்டத்தைச் சேர்ந்த ஜவ்வாது மலையில் சாமை மானாவாரியாய் விளைகிறது. நெல்லைப் போல் தேங்கிய நீர் அதற்கு வேண்டியதில்லை. தேங்கிய நெல்வயலிலிருந்து எழும் மீதேனும் அதில் இல்லை. வாரத்தில் இரண்டு மூன்று வேளை சாமையும் கேழ்வரகும் உண்டால் மலைக் குடியானவர்களுக்கு விற்பனை பெருகும். நம் கிணற்று நீரும் மிச்சமாகும்.

எவர் எதைத் தொடங்குவது

எல்லாவற்றையும் ஒரே நாளில் மேற்கொள்ள முயல்வோர் ஒரு மாதத்துக்குள் எல்லாவற்றையும் விட்டுவிடுவர். ஆகவே வரிசையாய்த் தொடங்குதல் சிலாக்கியம்.

நான்கைந்து மாடுகளும் போதிய நீரும் உள்ளவர்கள் சாண எரிவாயுக் கலத்தை முதலில் அமைக்கலாம். ஒன்றிரண்டு மாடுகள் உள்ளவர்கள் வரட்டி தட்டுவதை நிறுத்திச் சாணம் முழுவதையும் எருக்குழிக்கு அனுப்புவதே முதற்கடமை. எரிபொருளுக்கு வேலிக்காத்தானையும் வரப்பு மரங்களையும் நாடுக. மாடில்லாத கிராமத்தார் எருக்குழியையும் வாழைப் பாத்தியையும் தொடங்குக. நகர வீட்டார் குப்பையைப் பிரித்தல், மூடியிட்டுச் சமைத்தல், பருப்பை ஊறவைத்தல் ஆகிய மூன்றையும் இன்றே செய்யலாம். இவற்றுக்கு ஒரு காசும் செலவில்லை.

இவ்வேலைகளுள் பெரும்பாலானவை பெண்மக்களின் தலையிலேயே விழுகின்றன என்பதையும் மறத்தலாகாது. விறகு சுமப்பவரும் புகையில் நிற்பவரும் அவர்களே. குழி தோண்டுதல், கிளறுதல், புகைபோக்கி துடைத்தல் ஆகியவற்றை ஆடவர் ஏற்றுக்கொண்டாலன்றி எந்தச் சீர்திருத்தமும் நீடிக்காது. திருத்திய அடுப்புகள் பல கைவிடப்பட்டதற்குப் பேணுவார் இல்லாமையே பெருங்காரணம் என்று மேலே கண்டோம். எருக்குழிக்கும் அந்நிலை வராமற் காப்பது குடும்பத்தார் அனைவரின் பொறுப்பாகும்.

ஒரு குடும்பத்தின் எருக்குழியால் மலை முழுவதும் பசுமையாகிவிடாது. ஆனால் மலையடியிலுள்ள வீடுகள் ஒவ்வொன்றும் தன் விறகைத் தன் வரப்பிலும், தன் எருவைத் தன் அடுக்களையிலும் தேடிக்கொள்ளுமானால், நட்ட கன்றுகள் மரமாவதற்கு வேண்டிய கால அவகாசம் மலைக்குக் கிடைக்கும். வரும் பட்டத்துக்கு முன்பாகவே ஒவ்வொரு குடும்பத்தாரும் ஒரு குழியேனும் தோண்டி, அவ்வெருவை ஒரு சிறு பாத்திக்கு இட்டு, இடாத பாத்தியோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்களாக. பிறகு எங்கள் சொல்லை நம்ப வேண்டியதில்லை. பயிரே சாட்சி கூறும்.